முடியும் நீரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடுப்புவரை நீண்ட என் முடிக்குச் சென்ற ஆண்டு ப்ளீச் செய்து நிறமேற்றினேன். அதிலிருந்து கீழ்ப்பாதி சொரசொரப்பாகி, ஓயாமல் சிக்கு விழுகிறது. உதிர்ந்த முடி ஒன்றைத் தம்ளர் நீரில் போட்டேன், மிதந்தது. ஆகவே என்னுடையது 'லோ போராசிட்டி' முடி, அதாவது நீரை எளிதில் உள்ளே விடாத முடி, தேங்காய் எண்ணெய் ஆகாது என்கிறாள் தோழி. அம்மாவோ எண்ணெயை நிறுத்தாதே என்கிறார். எதைச் செய்வது?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

தம்ளர் சோதனையை நம்பாதீர்கள். முடி நீரைவிட அடர்த்தி மிகுந்தது; அது மிதப்பதற்கு நீரின் பரப்பு இழுவிசையும் முடிமேல் ஒட்டியிருக்கும் எண்ணெய், கண்டிஷனர் பூச்சும்தான் பெரும்பாலும் காரணம்.

முடியின் மேற்புறத்தில், ஓடு வேய்ந்த கூரையைப் போல, செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அவற்றின்மேல் நீரை ஒட்டவிடாத மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்றுண்டு. ப்ளீச் அந்தப் படலத்தை அரித்துச் செதில்களையும் சிதைத்துவிடுவதால் நீர் எளிதில் உள்ளே புகுகிறது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியில் உயிரணு இல்லை என்பதால், இழந்த படலம் தானாக மீண்டும் உண்டாவதில்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. ஆகவே ப்ளீச்சுக்குப் பின் வளர்ந்த மேற்பகுதி ஒரு விதமாகவும் அதற்குக் கீழுள்ளது வேறு விதமாகவும் இருக்கும். தலை முழுவதற்கும் ஒரே பெயர் சூட்டுவதில் பொருளில்லை. எண்ணெயும் கண்டிஷனரும் இல்லாமல் அலசிக் காயவைத்த முடிக்கற்றையில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: வேரருகே அது முத்தாகத் திரண்டு நிற்கும், நுனியில் சட்டென ஊறிப் பரவும்.

எண்ணெய் விஷயத்தில் நான் உங்கள் அம்மாவின் பக்கம். தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள் ஊடுருவுகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வொன்றில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ப்ளீச் செய்த முடியிலும் அதே பலன் கிடைத்தது. தலைக்குக் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே கீழ்ப்பாதியில் நன்றாகத் தடவி ஊறவிடுங்கள். மேற்பகுதிக்குச் சிறிதளவு போதும். பொடுகு இருந்தால் மட்டும் உச்சந்தலையைத் தவிர்த்துவிடுங்கள்.

குளிக்கும் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். அதன் காரத்தன்மையில் முடி இன்னும் உப்பும். ஷாம்பூவை உச்சந்தலையில் மட்டும் தேய்த்தால், வழியும் நுரையே நுனிக்குப் போதும். சீயக்காய்த் தூளின் திப்பி சிதைந்த நுனியில் உராயும் என்பதால், கரைத்து வடிகட்டிய நீரைப் பயன்படுத்துவது நல்லது. கண்டிஷனரை நுனிப்பகுதிக்குத் தாராளமாகப் பூசி, அது முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுங்கள். ஈரமுடியைத் துண்டால் அடித்துத் தட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். போர்வெல் நீரின் சுண்ணாம்புச்சத்து ப்ளீச் செய்த முடியில் எளிதில் படியும். மேட்டூர்த் தண்ணீர் ஒரு குடம் மிஞ்சினால் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நுனி பிளந்திருந்தால் அதை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மீண்டும் நிறமேற்றத் தோன்றினால், புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் ப்ளீச் பூசும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.