அந்தக் காய்ச்சலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

ஒட்டுசுட்டான் தம்பிக்கு,

எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று பயந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நுளம்பு கடித்து எச்.ஐ.வி. வராது. சலூனில் முடி வெட்டியும், நண்பனின் கோப்பையில் தேநீர் குடித்தும் வராது. அந்தப் பயங்களை இன்றோடு விடுங்கள்.

ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்களே, அதுதான் விஷயம். கட்டாரிலிருந்து புறப்படுமுன் ஆணுறையின்றி ஒருமுறை உறவு. ஊருக்கு வந்து மூன்றாம் வாரம் காய்ச்சல், தொண்டை நோ, நெஞ்சில் சிவந்த தடிப்பு, கழுத்தில் நெறி. வயலில் இறங்கியதால் எலிக்காய்ச்சல் என்று நீங்களே தீர்மானித்து, பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கியிருக்கிறீர்கள். இதை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. உண்மையில் எலிக்காய்ச்சலாக இருந்திருந்தால் அதுவே உயிருக்கு ஆபத்து. புதிதாகத் தொற்றிய எச்.ஐ.வி.யும் 2 முதல் 4 வாரத்தில் இப்படிக் காய்ச்சலாக வரும். அந்தக் காய்ச்சல் மருந்தின்றித் தானாகவே அடங்கிவிடும், கிருமி அடங்காது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் தடுப்பு மாத்திரை தந்திருப்பார்கள். அந்த அவகாசம் போய்விட்டது. இப்போது இரண்டு மாதம் ஆகிறது, பரிசோதனை நம்பகமான விடை தரும். மூன்று மாதம் நிறைந்ததும் இன்னொருமுறை பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அதுவரை இரத்ததானம் செய்யாதீர்கள்.

பல நாடுகள் சேர்ந்து செய்யும் தடுப்பூசி அடுத்த ஆண்டு வந்துவிடும், அதுவரை கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறீர்கள். வாட்ஸ்அப் காணொளிகளை நம்பாதீர்கள். தாய்லாந்தில் அமெரிக்கக் கூட்டுறவோடு 16,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, 2009இல் சுமார் 31 சதவீதப் பாதுகாப்பையே காட்டியது. அதே வழியில் தென்னாபிரிக்காவில் தொடர்ந்த ஆய்வு பயனில்லை என்று 2020இல் நின்றது. இந்தக் கிருமி ஓயாமல் உருமாறுவதும், கண்டத்துக்குக் கண்டம் அதன் வகை வேறுபடுவதும்தான் சிக்கல். அதனால்தான் எந்த நாடும் தனியாக இதைச் செய்து முடிக்க முடியாது. அமெரிக்கா, ருவாண்டா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளில் அண்மை ஆண்டுகளில் நடந்தவை, பல வகைகளையும் தாக்கும் எதிர்ப்புப் பொருளை உடல் படிப்படியாக உருவாக்கப் பழக்கும் ஆரம்பகட்ட முயற்சிகள். அந்த உழைப்பில் எனக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு. ஆனால் நாளை தடுப்பூசி வந்தாலும், ஏற்கெனவே தொற்றியதை அது அகற்றாது. இணையத்தில் யாராவது எச்.ஐ.வி. தடுப்பூசி என்று விற்றால் அது மோசடி.

உங்கள் உண்மையான பயம் கல்யாணத்தைப் பற்றியது. தொற்று இருந்தாலும் தினமும் மாத்திரை எடுத்து, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உறவின் மூலம் மனைவிக்குத் தொற்றாது, பிள்ளையும் பெறலாம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று அளித்தது.

வவுனியா அல்லது கிளிநொச்சி அரச வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு இந்த வாரமே போங்கள். பணம் வாங்கமாட்டார்கள், விவரம் வெளியே போகாது. காய்ச்சலையும் தடிப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெண் வீட்டாரிடம் திகதி பேசுவதை முடிவு கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.