இத்தாலிய மொழியில் கடிதம் எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

படிப்புக்காகவும் வேலைக்காகவும் இத்தாலியில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அம்மொழியைக் கற்பிப்பவள் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

போலோஞாவில் முதுகலை படிக்கிறேன் அக்கா. வகுப்பில் எல்லோரும் 'தூ' (நீ) என்றே பேசுகிறார்கள். பேராசிரியருக்கும் அப்படியே எழுதலாமா?

வேண்டாம் தம்பி. பேராசிரியர், அலுவலகம், வங்கி, அறிமுகமில்லாத பெரியவர் என்றால் 'லெய்' (தாங்கள்)தான். அவராகவே 'தூ' போதும் என்று சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

தமிழில் 'நீ', 'நீங்கள்' ஆகும்போது மரியாதை பன்மையாக வருகிறது. இத்தாலியத்தில் அது படர்க்கைக்குப் போகிறது: 'லெய்' என்பதன் நேர்ப்பொருள் 'அவள்'. 'வோஸ்த்ரா சின்யொரீயா' (பிரபு அவர்கள் என்பது போல) போன்ற பெண்பால் மரியாதைத் தொடர்களிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. எதிரில் இருப்பவர் ஆணாக இருந்தாலும் 'லெய்', வினையும் படர்க்கை ஒருமை. நம்முடைய 'தாங்கள்' என்பதும் 'தாம்' என்ற படர்க்கைச் சொல்லில் பிறந்ததுதானே? அதை நினைத்துக்கொண்டால் அந்நியமாகத் தோன்றாது.

நான் திருத்தும் கடிதங்களில் அடிக்கடி காண்பது வேறு பிழை. "லெ ஸ்க்ரீவோ" (தங்களுக்கு எழுதுகிறேன்) என்று ஒழுங்காகத் தொடங்குவார்கள். மூன்றாம் வரியில் "லா துவா ரிஸ்போஸ்தா" (உன் பதில்) வந்துவிடும். "லா சுவா ரிஸ்போஸ்தா" என்றிருக்க வேண்டும். முழுக்க 'தூ' போட்டு எழுதினால் வெளிநாட்டு மாணவர் என்று பொறுத்துக்கொள்வார்கள். பாதியில் மாறுவதுதான் வாசிப்பவரை உறுத்தும். அனுப்புவதற்கு முன் வினைகளையும் உடைமைச் சொற்களையும் மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள்.

கடிதத்தை எப்படித் தொடங்குவது?

நம்முடைய 'மதிப்பிற்குரிய' போல, தனிநபருக்கு 'ஜெந்தீலே', நிறுவனத்துக்கு 'ஸ்பெத்தாபிலே'. அதே வகைச் சொல்லான 'எக்ரேஜோ' பெரும்பாலும் ஆண்களுக்கு மட்டும் எழுதுவது, விறைப்பானது, தவிர்க்கலாம். பட்டத்தை விட்டுவிடாதீர்கள்: பட்டப்படிப்பு முடித்த எவரும் அங்கே 'தொத்தோரே' (டாக்டர்), பெண்ணானால் 'தொத்தொரெஸ்ஸா'. குடும்பப் பெயர் பின்னால் வந்தால் ஆண்பால் பட்டத்தின் கடைசி உயிர் உதிரும்: "தொத்தோர் ரோஸ்ஸி". விளிக்குப் பின் காற்புள்ளி. அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. இத்தாலியத்தில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்றே எப்போதும் எழுத வேண்டுமா?

அது அடிப்படை வரிசை. மீறவே கூடாத சட்டமில்லை. "மார்க்கோ எ அர்ரிவாத்தோ" என்றால் மார்க்கோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், அவன் வந்துவிட்டான் என்று பொருள். "எ அர்ரிவாத்தோ மார்க்கோ" என்றால் 'வந்தது யார்?' என்ற கேள்விக்குப் பதில். புதிய செய்தி பின்னால் போகிறது. எழுவாயை விட்டுவிடுவது உங்களுக்கு இயல்பாகவே வரும்: 'வந்தேன்' என்றால் 'நான்' தேவையில்லை; அங்கும் வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். வரிக்கு வரி 'ஈயோ' (நான்) என்று எழுதினால் தன்னையே முன்னிறுத்துவது போலப் படும்.

பலெர்மோவில் வேலை செய்கிறேன். இங்கே முதியவர்கள் சிலர் ஒருவரிடமே 'வொய்' (பன்மை 'நீங்கள்') என்கிறார்கள். அது தவறா?

தவறில்லை. தெற்கில் அது பழைய மரியாதை வழக்கு. உங்கள் சிசிலியில் 'வொஸ்ஸீயா' என்ற மரியாதைச் சொல்லும் காதில் விழும். ஆனால் இதற்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1938இல் முசோலினியின் அரசு, 'லெய்' அந்நியமானது, அடிமைத்தனமானது என்று சொல்லி 'வொய்'யைத் திணித்தது. ஆட்சி வீழ்ந்ததும் 'லெய்' திரும்பிவிட்டது. முதியவர்களின் 'வொய்'யில் அந்த அரசியலைத் தேட வேண்டாம். நீங்கள் எழுதும்போது 'லெய்'யிலேயே இருங்கள்.

'அந்தாரே' (போ) என்பதற்குப் பதில் 'ரெகார்சி', 'ஃபாரே' (செய்) என்பதற்குப் பதில் 'எஃபெத்துவாரே' என்று எழுதினால் கண்ணியமாக இருக்குமா?

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். இருக்காது! 1965இல் எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ இதைப் பற்றி 'எதிர்மொழி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒருவர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கிறார்: காலையில் அடுப்பு மூட்ட நிலவறைக்குப் போனேன், நிலக்கரிப் பெட்டிக்குப் பின்னால் மது பாட்டில்கள் இருந்தன. தட்டச்சு செய்யும் அதிகாரியோ 'வெப்ப அமைப்பை இயக்கும்பொருட்டு', 'மது உற்பத்திப் பொருட்களின் ஒரு தொகையைக் கண்டறிய நேரிட்டது' என்ற ரீதியில் பதிவு செய்கிறார். அடுப்பும் இல்லை, பாட்டிலும் இல்லை. 1993இல் இத்தாலிய அரசே தன் அலுவலகங்களுக்கு எளிய நடைக்கான கையேடு வெளியிட்டது. சுற்றி வளைத்தால் மரியாதை கூடிவிடாது. 'லெய்'யும் சரியான வினை வடிவமும் இருந்தால், 'அந்தாரே' என்று நிம்மதியாக எழுதலாம்.

அந்தச் சரியான வினை வடிவம் எது?

'வோலியோ' (வேண்டும்) என்று கேட்காதீர்கள். 'வொர்ரெய்' (விரும்புவேன்) என்று எழுதுங்கள். 'முடியுமா' என்பதற்கு 'புவோ' போதும். 'பொத்ரெப்பே' இன்னும் பணிவு. கருத்துச் சொல்லும்போது 'பென்சோ கே'வுக்குப் (என்று நினைக்கிறேன்) பின் 'இருக்கிறது' என்பதற்கு 'எ' வராது, 'சீயா' வரும். பேச்சில் இத்தாலியர்களே இதை நழுவவிடுவார்கள், எழுத்தில் விடக் கூடாது.

முடிவில்?

'கொர்தியாலி சலூத்தி' (அன்பான வணக்கங்கள்) எங்கும் பொருந்தும். புகார்க் கடிதம், வழக்கறிஞர் கடிதம் என்றால் இன்னும் விறைப்பான 'திஸ்தின்தி சலூத்தி'. கீழே உங்கள் பெயர், பிறகு குடும்பப் பெயர். விண்ணப்பப் படிவங்களில் மட்டும் பல இடங்களில் குடும்பப் பெயரை முதலில் கேட்பார்கள், கட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள்.