ஃபாக்ஸ்புரோவை லினக்ஸில் இயக்கினால் வழக்கு வருமா?

கேள்வி: ஈரோட்டில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்திவருகிறேன். மஞ்சள் மண்டிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9இல் பில்லிங், கணக்கு நிரல்கள் எழுதிக் கொடுக்கிறேன். ஃபாக்ஸ்புரோவைப் பெட்டியுடனும் பில்லுடனும் முறையாக விலைக்கு வாங்கியிருக்கிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால், புதுக் கணினி வாங்க மனமில்லாத வாடிக்கையாளர்கள் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுகிறார்கள். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க உதவும் வைன் வழியாக என் கணினியில் ஃபாக்ஸ்புரோவும், அவர்கள் கணினிகளில் என் நிரலும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் உள்ளூர் டீலர் ஒருவர், இது உரிம ஒப்பந்தத்தை மீறிய செயல் என்றும், தன்னிடம் புது மென்பொருள் வாங்காவிட்டால் போலீஸில் புகார் கொடுப்பேன் என்றும் மிரட்டுகிறார். தயாரித்த நிறுவனமே கைவிட்ட மென்பொருளுக்கு இன்னும் உரிமை கோர முடியுமா? ஒப்பந்தத்தின் நகலை இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்; முடியும். ஃபாக்ஸ்புரோவின் அடுத்த பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007 மார்ச்சில் அறிவித்ததும், 9ஆம் பதிப்புக்கான ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்ததும் உண்மைதான். ஆனால் ஆதரவை நிறுத்துவது வேறு, பதிப்புரிமையைத் துறப்பது வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், உரிமையைத் துறப்பதற்கென்றே 21ஆம் பிரிவு இருக்கிறது. பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுத்தோ பொது அறிவிப்பு வெளியிட்டோதான் அதைச் செய்ய வேண்டும். இனிப் பிழை திருத்தம் வராது என்ற அறிவிப்பு அந்தப் பிரிவின் கீழ் வராது. ‘கைவிடப்பட்ட மென்பொருள்’ என்று தனியாக ஒரு வகையும் நம் சட்டத்தில் இல்லை.

அடுத்து, உங்கள் கணினியில் நடப்பதையும் வாடிக்கையாளரின் கணினியில் நடப்பதையும் நீங்கள் ஒன்றாகச் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் இவை இரண்டும் வெவ்வேறு.

உங்கள் கணினியைப் பொறுத்தவரை உங்கள் நிலை வலுவானது. ஒரு கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி தம் வசம் வைத்திருப்பவர், அது எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்காக அதை நகலெடுப்பதும் தழுவி மாற்றுவதும் உரிமை மீறல் ஆகாது என்று 52(1)(ஏஏ) பிரிவு சொல்கிறது. ஃபாக்ஸ்புரோ உங்களுக்கு வழங்கப்பட்டது நிரல் எழுதுவதற்காக. நீங்கள் செய்வதும் அதுவே. விண்டோஸில் எழுதுவதற்காகத்தான் வழங்கினோம் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய நகலில், உருவாக்கக் கருவியை நிறுவிப் பயன்படுத்துவது பற்றிய பகுதியில் அப்படியொரு கட்டுப்பாடு காணப்படவில்லை. வாங்கியவருக்குக் கிடைப்பது பதிப்புரிமை அல்ல, பதிப்புரிமை பெற்ற ஒரு பொருளைப் பயன்படுத்தும் வாய்ப்பே என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2 அன்று எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது; அது வருமான வரி வழக்கு என்றாலும், 52(1)(ஏஏ) பிரிவு அதிலும் அலசப்பட்டதால் உங்களுக்கும் பயன்படும். வைன் விண்டோஸின் நகல் அல்ல, அதே வேலையைச் செய்யும்படி தனியாக எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். ஆகவே அந்தப் பக்கத்திலும் சிக்கல் இல்லை.

சிக்கல் இருப்பது வாடிக்கையாளரின் கணினியில்தான். உங்கள் இஎக்ஸ்இ கோப்பு மட்டும் அங்கே போவதில்லை, கூடவே விஎஃப்பி9ஆர்.டிஎல்எல் என்ற ரன்டைம் கோப்பும் (நிரல் ஓடுவதற்குத் தேவையான மைக்ரோசாஃப்டின் துணைக்கோப்பு), அதன் மொழிக்கோப்பும், எம்எஸ்விசிஆர்71, ஜிடிஐபிளஸ் ஆகியவையும் போகின்றன. கடைசி இரண்டுக்கும் வைனிலேயே மாற்று இருப்பதால் அவற்றை விட்டுவிடலாம். முதலிரண்டும் இல்லாமல் நிரல் திறக்காது. இவற்றைப் பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்கும் உரிமையை உங்களுக்குத் தருவது 52ஆம் பிரிவு அல்ல, ஒப்பந்தத்தின் மறுவிநியோகப் பகுதி மட்டுமே. அந்தப் பகுதியோ, இக்கோப்புகள் விண்டோஸ் இயங்குதளத்துடன் சேர்ந்தே இயங்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபாக்ஸ்புரோ நிரலை வைன் மூலம் லினக்ஸில் இயக்கிக் காட்ட ஒருவர் முனைந்தபோது எழுந்த சர்ச்சையும் இந்த நிபந்தனையைச் சுற்றித்தான்.

‘ஒப்பந்தத்தை மீறினால் நஷ்ட ஈடுதானே, அதிலும் உற்பத்தியாளருக்கு என்ன நஷ்டம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டத்தை அவர் மெய்ப்பிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அனுமதியே நிபந்தனையைச் சார்ந்து நிற்கும்போது, நிபந்தனை தவறினால் அனுமதியும் போய்விட்டது, எனவே நீங்கள் கொடுத்த ஒவ்வொரு ரன்டைம் பிரதியும் உரிமை மீறிய பிரதி என்ற வாதம் எழும். தெரிந்தே உரிமை மீறுவோருக்கு 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அத்தகைய நிரலைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 63பி பிரிவில் குறைந்தது 7 நாள் சிறை என்பதால், வணிகம் செய்யும் உங்கள் வாடிக்கையாளர்களும் இதில் இழுக்கப்படக்கூடும். 63ஆம் பிரிவுக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணையில் விடத்தகாதது என்று 2022 மே மாதத்தில் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முறையாக வாங்கிய மென்பொருளை வைத்திருப்பவர் மீது இந்தப் பிரிவைப் பாய்ச்சுவது மிகையானது என்பதே என் கருத்து. ஆனாலும், இந்த நிபந்தனை பற்றித் தெரியாது என்று இனி நீங்கள் சொல்வது எடுபடாது. ஒப்பந்த நகலை நீங்களே எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

டீலரைப் பொறுத்தவரை, அவர் உரிமையாளர் அல்லர், தனியுரிமம் பெற்றவரும் அல்லர் என்றால் 54, 55 பிரிவுகளின்படி உங்கள் மீது உரிமையியல் வழக்குப் போடும் தகுதி அவருக்கு இல்லை. புகார் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆகவே பெட்டி, பில், குறுந்தகடு, உரிம எண் ஆகியவற்றைக் கேட்டவுடன் காட்டும்படி ஒரே இடத்தில் வையுங்கள். அவரிடம் தொலைபேசியில் வாதம் செய்ய வேண்டாம். எந்த அதிகாரத்தில், எந்தச் சரத்தின் கீழ் பேசுகிறார் என்பதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதத்துக்கு மறுமொழி வராது. தன்னை உரிமையாளர் என்று சொல்லிக்கொள்பவர் ஆதாரமின்றி மிரட்டினால்தான் 60ஆம் பிரிவின் கீழ் விளம்புகை வழக்கும் (உரிமை மீறல் இல்லை என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோரும் வழக்கு) தடையாணையும் கோர முடியும் என்பதால், டீலருக்கு எதிராக அந்தப் பிரிவைக் காட்டிக் கடிதம் எழுதிவிடாதீர்கள்.

லினக்ஸை விடாமலே இதைச் சரிசெய்யலாம். மண்டியில் உள்ள கணினியில் லினக்ஸே இருக்கட்டும். அதற்குள் மென்பொருளால் உருவாகும் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, அதில் உரிமம் உள்ள விண்டோஸையும் அதன் மேல் உங்கள் நிரலையும் நிறுவுங்கள். அப்போது ரன்டைம் கோப்புகள் விண்டோஸுடன் சேர்ந்தே இயங்குவதால் நிபந்தனை நிறைவேறுகிறது. பழைய கணினியுடன் வந்த விண்டோஸ் உரிமம் மெய்நிகர் நிறுவலுக்கு இடம் தருகிறதா என்பதை முன்கூட்டியே அதன் ஒப்பந்தத்தில் பாருங்கள். ஆதரவு முடிந்த விண்டோஸ் என்பதால் அந்த மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்புக் கொடுக்காமல் விடுவதும் நல்லது. இதற்கிடையே உரிமையாளரின் இந்திய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுமதி கேட்டு எழுதலாம். பதில் வராத மௌனம் அனுமதி ஆகாது, ஆனால் நல்லெண்ணத்துக்குச் சான்றாகும்.

ஃபாக்ஸ்புரோ தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்புகளில் உள்ள கணக்குகள் மண்டிக்காரர்களுக்கே சொந்தம். அவற்றை லினக்ஸில் இயங்கும் வேறு மொழியில் எழுதிய நிரலால் படிப்பதற்கு ஃபாக்ஸ்புரோ ஒப்பந்தம் குறுக்கே வராது. புதிதாக வரும் வாடிக்கையாளர்களுக்கு அந்த வழியிலேயே எழுதிக் கொடுங்கள். பழையவர்களுக்கு மெய்நிகர் கணினி தயாராகும் வரை, லினக்ஸில் புதிதாக ரன்டைம் கோப்புகளை நிறுவுவதை நிறுத்திவையுங்கள்.