கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்களா? ஆட்டோமேட்டிக் கார் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம், கியர்பாக்ஸ் போய்விட்டது, லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்.

2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 82,000 கி.மீ. திடீரென்று 2, 4, 6, ரிவர்ஸ் எதுவும் விழவில்லை. முழு கியர்பாக்ஸ் மாற்ற 5 லட்சம் என்கிறார்கள். மாற்றலாமா? (கோவை)

மாற்றாதீர்கள், இப்போதைக்கு. உங்கள் காரில் இருப்பது ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். அதில் இரண்டு டிரை கிளட்ச் (ஆயிலில் நனையாதவை). ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு, மற்றொன்று 2, 4, 6, ரிவர்ஸுக்கு. நீங்கள் எழுதியிருக்கும் வரிசையே பதிலைச் சொல்கிறது: ஒரு பக்கம் மட்டும் படுத்திருக்கிறது. நான்கு கியரின் பற்களும் ஒரே நாளில் உடையாது. இரண்டாவது கிளட்ச், அல்லது அதை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் (கம்ப்யூட்டரும் வால்வுகளும் சேர்ந்த பெட்டி), இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். மெக்கட்ரானிக் மட்டும் மாற்றினால் ஒன்றரை, இரண்டு லட்சத்தில் முடியும். அதையே திறந்து ரிப்பேர் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், இன்னும் குறையும். காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பேப்பரில் வாங்குங்கள். வாயால் சொல்வது போதாது.

கார் ஆட்டோமேட்டிக். டி போட்டால் நகரவில்லை. செலவு எவ்வளவு ஆகும்? (ஊர் எழுதவில்லை)

என்ன கார், எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர், கியர்பாக்ஸ் எந்த வகை: சிவிடியா (பெல்ட்டில் ஓடுவது), ஏஎம்டியா (மேனுவலைத் தானாக இயக்குவது), டார்க் கன்வெர்ட்டரா (ஆயில் வழியாக இழுப்பது)? ஒன்றுமே இல்லை. போன மாதமும் இதைத்தான் எழுதினேன். பத்தாயிரமும் ஆகலாம், நாலு லட்சமும் ஆகலாம். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

2014 பிஎம்டபிள்யூ 320டி, 1,10,000 கி.மீ. சிக்னலில் நிற்கப்போகும்போது ஒரு இடி இடிக்கிறது. கியர் ஆயிலை மாற்றலாமா என்று கேட்டால், "இது லைஃப்டைம் ஆயில், தொடவே கூடாது" என்கிறார்கள். (மதுரை)

இந்த 'லைஃப்டைம்' என்ற சொல்லால் வீணாய்ப் போன கியர்பாக்ஸ்களை வருஷக்கணக்கில் என் பட்டறையில் இறக்கிப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் காரின் எட்டு கியர் பாக்ஸைச் செய்தது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம். செய்தவர்களே சொல்வது: ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில், ஆயிலை மாற்ற வேண்டும். செய்தவன் மாற்று என்கிறான், விற்றவன் வேண்டாம் என்கிறான். யாரை நம்புவது? 'ஆயுள்' என்றால் யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். முதல் சொந்தக்காரர் ஐந்தாறு வருஷத்தில் விற்றுவிடுகிறார், அவருக்கு ஒரு குறையும் தெரியாது. இரண்டாவதாக வாங்கிய நீங்கள்தான் மாட்டுகிறீர்கள்.

அந்த ஆயில் வெறும் வழவழப்புக்கு மட்டுமில்லை. கிளட்சுகளை அழுத்துவதும், சூட்டை எடுத்துப் போவதும் அதுதான். மதுரை வெயிலில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில், அது கெடாமல் எப்படி இருக்கும்? புதிய ஆயிலையும் உங்கள் பாக்ஸில் இருப்பதையும் வெள்ளைத் துணியில் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பாருங்கள். கறுத்து, தீய்ந்த வாசனை அடித்தால் நீங்களே புரிந்துகொள்வீர்கள். பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டுக்குள் (பேன்) காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் களி போலப் படிந்திருந்தால் இயல்பான தேய்மானம். ஊசி ஊசியாக மின்னும் துகள் விரலில் குத்தினால் உள்ளே எதுவோ உடைகிறது, ஆயில் மாற்றி மட்டும் பயனில்லை.

உங்கள் பாக்ஸில் ஃபில்டரும் பேனும் ஒரே துண்டு, சேர்த்தே மாற்றுங்கள். ஆயில் அதற்குரிய கிரேடாகவே இருக்கட்டும், குறிப்பிட்ட சூட்டில் அளவு பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மிஷின் வைத்து அழுத்திக் கழுவும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். இதற்கு ஆகும் செலவு, பாக்ஸ் மாற்றும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இன்னொன்று. போன ஐப்பசியில் இதேபோல ஒரு ஜெர்மன் கார், நாலரை லட்சம் எஸ்டிமேட்டோடு வந்தது. மூன்றாவது கியரிலேயே நின்றுவிட்டது. ஸ்கேன் போட்டால் வரிசையாக வோல்டேஜ் குறைவு. பேட்டரியில் மீட்டர் வைத்தேன், 10.8 வோல்ட்தான், ரொம்பக் குறைவு. பேட்டரியை மாற்றினோம், அவ்வளவுதான். வண்டி இன்றும் ஓடுகிறது. நாலரை லட்சம் போட்டவர்கள் மீட்டரே வைத்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிட்டி சிவிடி. வாங்கி மூன்று மாதம். கியர் ஆயில் ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறது. (வேளச்சேரி)

ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயிலில் தண்ணீரோ கூலன்ட்டோ (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கிறது. ஒன்று ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் உள்ளே ஓட்டை, இல்லை வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் துடைத்துக் கழுவி விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே இருக்கும்.

வியாபாரியிடம் வாங்கியிருந்தால், மறைத்து விற்றதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷம் அவகாசம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அந்த வழி கிடையாது. ஆயில் சாம்பிளைப் பாட்டிலில் எடுத்து, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு பத்திரமாக வையுங்கள்.

கியர்பாக்ஸ் பழுதுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? (திருச்சி)

தேய்மானத்துக்கும் தானாக வந்த கோளாறுக்கும் கிடைக்காது. விபத்து என்றால் கிடைக்கும், பாலிசி காம்ப்ரிஹென்சிவ் ஆக (உங்கள் வண்டிக்கான சேதத்தையும் சேர்த்தது) இருக்க வேண்டும். வெள்ளத் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போனதற்குப் பெரும்பாலும் தனி ஆட்-ஆனும் வேண்டும், பாலிசியைப் பாருங்கள்.

நின்றுபோன ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா? (சேலம்)

கூடாது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே இருக்கும் ஆயில் பம்பும் ஓடாது, சக்கரத்தோடு சுழலும் பாகங்கள் ஆயில் இல்லாமல் தேயும். வண்டியை ஏற்றிப் போகும் லாரியைக் கூப்பிடுங்கள்.

செலேரியோ ஏஎம்டி. ஏற்காடு போய் வந்ததிலிருந்து தீய்ந்த வாடை, ஏற்றத்தில் இழுவை இல்லை. கியர்பாக்ஸ் போய்விட்டதா? (நாமக்கல்)

ஏஎம்டியில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்திருப்பீர்கள். கிளட்ச் எரிந்திருக்கிறது. கிளட்ச் செட் பதினைந்தாயிரத்தை ஒட்டி வரும். மாற்றிய பிறகு ஸ்கேனரில் புது கிளட்சைப் பழக்க வேண்டும், அதைச் செய்தார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

2014 ஈக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் மலிவாக வருகிறது. வாங்கலாமா? (ஈரோடு)

வேண்டாம். அது டிரை டூயல் கிளட்ச், மேலே போலோவில் பார்த்த அதே வகை. 2017 கடைசியில் வந்த மாற்றத்துக்குப் பிறகான டார்க் கன்வெர்ட்டர் மாடலைத் தேடுங்கள். எதுவானாலும், இராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியை ஒரு முறை ஓட்டுங்கள், முக்கால் மணி நேரம் ஓடிச் சூடான பிறகு டிராஃபிக்கில் ஒரு முறை ஓட்டுங்கள். நீங்கள் போகும்போதே வண்டி ஸ்டார்ட் ஆகிச் சூடாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய கியர்பாக்ஸ் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம்பலாமா? (சென்னை)

நம்பலாம், பார்த்து வாங்கினால். உங்கள் பாக்ஸ் மேலே இருக்கும் குறியீட்டு எண்ணும் அவர்கள் தரும் பாக்ஸின் குறியீட்டு எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடல் கார் என்பது போதாது, எஞ்சின் மாறினால் பாக்ஸின் பல் விகிதமும் மாறும். ஆயிலை வடித்து நிறம் பாருங்கள். மாட்டி ஓட்டிப் பார்க்க ஒரு மாதம் அவகாசம் பில்லில் எழுதித் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். பழைய பாக்ஸை உடனே கொடுத்துவிட வேண்டாம், புதிதாக மாட்டியது ஒழுங்காக ஓடும் வரை வீட்டிலேயே இருக்கட்டும்.