டம்மி லோடைச் செய்யுங்கள், நானோவிஎன்ஏவை வாங்குங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். செம்பனை ஆலையில் வயர்மேன் வேலை. போன வருடம் பி வகுப்பு அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்து, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைத்திருக்கிறது. கையில் 5 வாட் கைவானொலி. வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பத்தில், செப்புக் குழாயில் தானே செய்த ஆண்டெனா. இரண்டுக்கும் நடுவே 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். கூப்பிட நினைப்பது ரிப்பீட்டரை, அதாவது சிறு ரேடியோக்களின் குரலை வாங்கிப் பெரிய சக்தியில் மறுபடி அனுப்பும் நிலையத்தை.

“ரிப்பீட்டர் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது, என் குரல்தான் அங்கே போய்ச் சேரவில்லை. தீபாவளி போனஸில் 600 ரிங்கிட் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சோதனைக் கருவிகளை நாமே செய்தால்தான் தொழில் பிடிபடும் என்கிறார் ஒரு மூத்தவர். எல்லாமே ஷாப்பியில் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய் என்கிறான் நண்பன். எதைச் செய்வது, எதை வாங்குவது?” இதுதான் அவர் கேள்வி.

தம்பி, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. ஒரு கருவியைச் செய்ய உட்காரும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: செய்து முடித்த பிறகு, இது உண்மையைத்தான் காட்டுகிறது என்று எதை வைத்துப் பார்ப்பேன்? அளவுகோலும் மல்டிமீட்டரும் போதும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். அதைச் சரிபார்க்க அதைவிட நல்ல கருவி வேண்டும் என்றால், அந்த நல்ல கருவியைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. இருபது வயதில் ஓர் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் செய்தேன். ஆண்டெனாவுக்குப் போகும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி அது. 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் கூடக் கூட மோசம். திரும்பி வரும் அலையைக் காட்டும் ஊசி எந்த ஆண்டெனாவுக்கும் அசையவே இல்லை. என் ஆண்டெனா எல்லாம் அருமை என்று ஒரு வருடம் போல நம்பினேன். பிறகு ஒருநாள் மீட்டரைத் திருப்பிப் போட்டு, ரேடியோவை ஆண்டெனா பக்கத்திலும் ஆண்டெனாவை ரேடியோ பக்கத்திலும் மாட்டினேன். இரண்டு அளவும் இடம் மாற வேண்டும். மாறவில்லை. அந்தப் பக்கத்து டயோடு செத்துக் கிடந்தது. எது நல்லது, எது மோசம் என்று பிரித்தறிய முடியாமல், அந்த ஒரு வருடத்தில் நல்ல ஆண்டெனாக்கள் சிலவற்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். அது இன்னும் மனசில் இருக்கிறது.

அதனால் முதல் செலவு மல்டிமீட்டர். ஆலையில் மூன்று பேஸ் மின்சாரத்தில் கை வைப்பவர் நீங்கள். உங்களுடையது கேட் 3 என்ற பாதுகாப்புத் தரத்தில், உள்ளே முறையான ஃபியூஸ் உள்ளதாக இருக்கட்டும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது டம்மி லோட். இதைக் கட்டாயம் நீங்களே செய்யுங்கள். ஆண்டெனாவுக்குப் பதிலாக ரேடியோவின் சக்தியை விழுங்கிக்கொள்ளும் 50 ஓம் சுமை, அவ்வளவுதான். 200 ஓம், 3 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் நான்கை இணையாகப் போட்டால் 50 ஓம், 12 வாட். உங்கள் 5 வாட்டுக்குத் தாராளம். மல்டிமீட்டரை வைத்தால் 50 ஓம் வருகிறதா என்று உடனே தெரிந்துவிடும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் மட்டும் வேண்டாம். அது டிசிக்கு 50 ஓம் காட்டும், ரேடியோ அலைக்கு அது ஒரு காயில். ரெசிஸ்டர் கால்களை ஒட்ட நறுக்கி, கனெக்டரின் நடு ஊசிக்கும் உடம்புக்கும் நடுவே நேராகப் பற்றவையுங்கள். நீங்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டர் கால்கூடக் கணக்கில் வரும். 430 மெகாஹெர்ட்ஸுக்கு இந்த முறை அவ்வளவு ஒத்துவராது. அந்த பேண்டுக்குப் போகும்போது ரெடிமேட் வாங்கிக்கொள்ளலாம்.

பின்னாளில் பெரிய ரேடியோ வாங்கினால், எண்ணெய் நிரப்பிய தகர டின்னுக்குள் ரெசிஸ்டர்களை வைக்கும் பழைய முறை இருக்கிறது. அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் பெயின்ட் டின் அளவில் அப்படி ஒன்றை ‘கேன்டென்னா’ என்ற பெயரில் விற்றது. நம் வீட்டு மைலோ டின்னும் அதற்குச் சரிப்படும். ஆனால் ஆலையில் கழித்துப் போட்ட பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைத் தொடாதீர்கள். பழைய எண்ணெயில் பிசிபி என்ற நச்சு இருக்கலாம். புதிய மினரல் ஆயில் வாங்குங்கள்.

டம்மி லோட் ஆனதும் அதே கனெக்டரில் ஒரு 1என்4148 டயோடும் 1 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டரும் சேருங்கள். அங்கிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மல்டிமீட்டருக்கு வயர் எடுங்கள். அந்த ரெசிஸ்டர் இல்லையென்றால் அலை மீட்டர் வயருக்குள் புகுந்து எண்கள் நிலைகொள்ளாமல் ஆடும். இப்போது உங்களிடம் ஒரு வாட் மீட்டர் இருக்கிறது. டிசியில் வரும் வோல்ட்டோடு டயோடுக்காகச் சுமார் அரை வோல்ட் கூட்டி, அதை அதனாலேயே பெருக்கி, நூறால் வகுத்தால் வாட். மீட்டர் 21.9 காட்டினால் 22.4 என்று கொள்ளுங்கள். ஏறக்குறைய 5 வாட். பத்து வாட்டுக்கு மேல் இந்த டயோடை நம்ப வேண்டாம், தலைகீழ் வோல்ட்டேஜ் தாங்காது.

உங்கள் தலைவலிக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. இந்த டப்பாவை முதலில் ரேடியோவிலேயே மாட்டி அளங்கள். பிறகு கம்பத்தில் ஏறி, ஆண்டெனாவைக் கழற்றி, கேபிளின் மறுமுனையில் மாட்டி அளங்கள். கீழே 22.4 வோல்ட் வந்தது மேலே 14 வோல்ட்டாக இறங்கியிருந்தால் ஆண்டெனாவுக்குப் போவது 2 வாட்தான். நான் எதிர்பார்ப்பதும் அதுதான். ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் தின்கிறது. 20 மீட்டருக்கு 4 டெசிபல், அதாவது ஐந்தில் மூன்று பங்கு சக்தி வழியிலேயே சூடாகிப் போகிறது. ரிப்பீட்டரின் சக்தி பெரிது என்பதால் அது உங்களுக்குக் கேட்கும். உங்கள் 2 வாட் அங்கே எட்டாது.

இதில் இன்னொரு ஏமாற்றும் ஒளிந்திருக்கிறது. இவ்வளவு தின்னும் கேபிளின் கீழ்முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை வைத்தால், மேலே ஆண்டெனாவே இல்லாவிட்டாலும் அது 2.3 அளவில்தான் காட்டும். திரும்பி வரும் அலையையும் கேபிள் தின்றுவிடுகிறதே! “1.5 காட்டுது, பரவாயில்லை” என்று நீங்கள் நினைக்கும் ஆண்டெனா உண்மையில் மோசமாக இருக்கலாம். அதனால்தான் மலிவான எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டருக்குப் பணம் போட நான் சொல்லமாட்டேன்.

அதற்குப் பதில் நானோவிஎன்ஏ வாங்குங்கள். ஆண்டெனா எந்த அலைவரிசையில் நன்றாக ஒத்துப்போகிறது என்பதைத் திரையில் ஒரு கோடாக வரைந்து காட்டும், ஒத்துப்போகும் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் வடிவமைத்த கருவி இது. 2019 முதல் சீனத் தயாரிப்பாக எல்லா இடத்திலும் கிடைக்கிறது. உங்கள் 600 ரிங்கிட்டில் பாதிகூட ஆகாது. இதை வீட்டில் செய்து நம்பகமாகக் கொண்டுவருவது உங்களாலும் ஆகாது, என்னாலும் ஆகாது. கூட வரும் ஓபன், ஷார்ட், லோட் என்ற மூன்று சிறு துண்டுகளை மாட்டி ஒவ்வொரு முறையும் காலிபரேஷன் செய்த பிறகே அளக்க வேண்டும். முடிந்தால் ஆண்டெனாவின் அடியிலேயே வைத்துப் பாருங்கள். கோட்டின் பள்ளம் 145க்குப் பதில் 141இல் விழுந்தால் ஆண்டெனாவின் நீளம் கூடிவிட்டது என்று அர்த்தம். 50.5 சென்டிமீட்டர் தண்டில் 1.4 சென்டிமீட்டர் போக வேண்டும். ஒரே வெட்டாக வெட்டாமல் பாதியை வெட்டிவிட்டு மறுபடி அளங்கள். நீங்கள் செய்த டம்மி லோட் எந்த அலைவரிசை வரை 50 ஓமாக நிற்கிறது என்பதையும் இதுவே காட்டிவிடும்.

இந்தக் கருவிக்கு எதிரி இரண்டு. ஒன்று, மாட்டியபடியே டிரான்ஸ்மிட் செய்வது. ஒரே தடவையில் முடிந்தது கதை. மற்றொன்று நம் ஊர் வானம். மாலை இடி கிளம்பும் நேரத்தில் ஆண்டெனாவில் தேங்கும் மின்னூட்டமே இதன் உள்வாயிலைக் கொன்றுவிடும். கேபிளின் நடுக்கம்பியையும் வெளிவலையையும் ஒரு கணம் ஷார்ட் செய்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். இடிச்சத்தம் கேட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

மிச்சப் பணத்தைக் கருவியில் போடாமல் கேபிளில் போடுங்கள். தடித்த, குறைவாகத் தின்னும் கேபிள், அதுவும் தேவையான நீளத்துக்கு மட்டும். ஆனால் எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு வேலை: கைவானொலியை மட்டும் எடுத்துக்கொண்டு தோட்டத்து மேட்டில் ஏறி ரிப்பீட்டரைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்று எதுவும் நடுவே மறித்தால், அதை எந்த மீட்டரும் சரிசெய்யாது. கம்பத்தைத்தான் உயர்த்த வேண்டும்.

பவர் சப்ளையைப் பற்றியும் பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். பழைய கம்ப்யூட்டர் சப்ளையைப் பிரித்து 13.8 வோல்ட்டுக்கு மாற்றும் எண்ணம் வேண்டாம். அதற்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். வாங்கிவிடுங்கள். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்புக்கு இப்போது அவசரம் இல்லை. மலிவாக வரும் டிஎஸ்ஓ138 கிட் 200 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும். மைக் ஒலியைப் பார்க்கலாம், 145 மெகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்கே தெரியாது.

நானோவிஎன்ஏவையும் அதன் மூன்று துண்டுகளையும் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் கனெக்டர் பச்சை பிடித்தால் காலிபரேஷனே பொய்யாகிவிடும். கேபிளின் இரண்டு முனையிலும் எத்தனை வோல்ட் வந்தது என்று எழுதி அனுப்புங்கள் தம்பி. எந்தக் கேபிளுக்கு மாறலாம் என்று அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.