காலுக்குக் கீழ நெருப்புக் கடலா?

கேள்வி: பூமிக்கு அடியில பூரா நெருப்புக் குழம்புதான், நாம அது மேல மிதக்கிறோம்னு ஒரு வீடியோல பார்த்தேன். அப்படி இருக்கிறப்ப எரிமலை எங்க வெடிக்கும்னு முன்னாடியே சொல்லத் தெரியாத விஞ்ஞானிகளுக்கு எதுக்கு சார் தண்டச் சம்பளம்? – வாசகர் ஒருவர், பண்ருட்டி

பதில்: வீடியோ போட்டவருக்கு வியூஸ் வந்துடுச்சு, கடல்தான் இல்ல. நமக்குக் கீழ 2,900 கி.மீ. வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே கெட்டிப் பாறைதான். நிலநடுக்கத்துல எஸ் அலைனு ஒண்ணு வரும், திரவத்துக்குள்ள அதால போக முடியாது, ஆனா இந்தப் பாறைக்குள்ள ஜம்முனு போயிட்டு வருது.

அப்புறம் குழம்பு எப்படி வருதுன்னா, குக்கர்ல வெயிட் போட்டா தண்ணி லேட்டாதானே கொதிக்கும், அதே மாதிரி அவ்ளோ சூட்டுலயும் மேல இருக்கிற பாரம் அமுக்குறதால பாறை உருகாம இருக்கு. ஐஸ்லாந்து மாதிரி இடத்துல அது மெல்ல மேல ஏறும்போது அழுத்தம் குறையுது, உடனே கொஞ்சமா உருக ஆரம்பிக்குது, அந்தக் கொஞ்சமும் படிகங்களுக்கு நடுவுல கசிஞ்சு கசிஞ்சுதான் மேல வந்து சேருது. சேர்ற இடமும் வாட்டர் டேங்க் மாதிரி இருக்கும்னு நினைச்சுக்காதீங்க, பெரும்பாலும் ஆறிப்போன ஜவ்வரிசிப் பாயசம்தான்: உருண்டை நிறைய, நடுவுல கொஞ்சூண்டு பாகு.

இப்ப உங்க தண்டச் சம்பளத்துக்கு வரேன். 2023 அக்டோபர் கடைசியில ஐஸ்லாந்துல ஸ்வார்ட்செங்கி பக்கம் தரை உப்ப ஆரம்பிச்சுது, நாலஞ்சு கி.மீ. ஆழத்துல குழம்பு சேருதுன்னு ஜிபிஎஸ்ஸையும் சாட்டிலைட்டையும் வச்சு கண்டுபிடிச்சாங்க. நவம்பர் 10 அன்னிக்கு அது பக்கவாட்டுல பாறையைப் பொளந்துகிட்டு ஓடுச்சு பாருங்க, சுமார் 15 கி.மீ. நீளம், சில மீட்டர்தான் அகலம். உச்சத்துல செகண்டுக்கு 7,400 கன மீட்டர் பாய்ஞ்சுதுன்னு கணக்கு, அதாவது பத்தாயிரம் லிட்டர் தண்ணி லாரி 740, ஒவ்வொரு செகண்டும்! விரிசல் நுனி முன்னேற முன்னேற குட்டிக் குட்டியா நிலம் அதிரும், அந்தப் புள்ளிகளை மேப்ல வச்சுப் பார்த்தா எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சுடும். அது கிரிண்டாவிக் ஊருக்கு அடியில போகுதுன்னு தெரிஞ்சதும் ராத்திரியோட ராத்திரியா சுமார் 3,800 பேரையும் வெளியேத்திட்டாங்க. குழம்பு வெளிய வந்தது டிசம்பர் 18. அடுத்த ஜனவரியில ஊர் ஓரத்துலயே பொளந்து மூணு வீடு எரிஞ்சப்ப உள்ள ஆள் இல்ல.

எல்லாம் அத்துப்படின்னு நான் சொல்ல வரல. அதே ஐஸ்லாந்துல கிராஃப்லாங்கிற இடத்துல 2009-ல நாலரை கி.மீ. ஆழம் போகலாம்னு துளை போட்டாங்க, 2.1 கி.மீ.லயே டிரில் போய் குழம்புல சொருகிடுச்சு. அங்க அது இருக்குன்னு யாருக்கும் தெரியல! அதனால தேதி, டைம் போட்டு ஜாதகம் மாதிரி எழுதிக்குடுன்னா முடியாதுதான்.

விரிசல்ல புகுந்து அங்கயே ஆறி இறுகிப்போன குழம்பைப் பார்க்கணும்னா ஐஸ்லாந்துக்கு டிக்கெட் போட வேணாம், தர்மபுரி பக்கம் போங்க, பழைய பாறைக்கு நடுவுல கருப்பா பட்டை பட்டையா ஓடும். டோலரைட்னு பேரு. இந்த மாதிரிக் கல்லைத்தான் அறுத்து பாலிஷ் போட்டு பிளாக் கிரானைட்னு விக்கிறாங்க, உங்க வீட்டு சமையல் மேடையை ஒரு தடவை பார்த்துக்குங்க.