டாக்கர் கன்டெய்னருக்குள் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டுகிறது, எப்படிச் சரிசெய்வது?

இரவு 2 மணிக்குப் போட்ட பேக்கப் காலை 7:30-க்கு ஓடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கடிகாரத்தில் கோளாறு இல்லை. கன்டெய்னர் என்பது ஒரு மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி போன்றது; அதற்குத் தனிக் கடிகாரம் கிடையாது. அது ஓடும் மெஷினான ஹோஸ்டின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைத்திருக்கும் யூடிசி நேரத்தைத்தான், அதாவது இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரத்தைத்தான், அதுவும் படிக்கிறது. அதை இந்திய நேரமாக மாற்றிக் காட்டும் டைம்ஜோன் அமைப்பு மட்டும் ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ளும் தனித்தனியாக இருக்கிறது. அதனால் ஹோஸ்டில் எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே எட்டாது.

கன்டெய்னர்களை எப்படி ஓட்டுவது என்று எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில், அந்தக் கன்டெய்னருக்கான சர்வீஸின் என்விரான்மென்ட் பகுதியில் 'டிஇசட்' என்ற வேரியபிளுக்கு 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடுங்கள். அப்புறம் வெறும் ரீஸ்டார்ட் போதாது. ரீஸ்டார்ட் பழைய கன்டெய்னரையே எழுப்பும், புது வேரியபிள் அதற்குள் போகாது. 'கம்போஸ் அப் -டி' கொடுத்தால்தான் கன்டெய்னர் புதிதாக உருவாகும். பிறகு 'எக்ஸெக்' கட்டளை மூலம் உள்ளே 'டேட்' ஓட்டிப் பாருங்கள். ஐஎஸ்டி (இந்திய நேரம்) என்று வந்தால் சரி.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'ஏசியா/சென்னை' என்று ஒரு ஜோன் பட்டியலிலேயே இல்லை; இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாதான். தப்பான பெயர் கொடுத்தால் லினக்ஸ் எந்த எச்சரிக்கையும் தராது. கன்டெய்னர் உருவாகும் மூலத் தொகுப்பான இமேஜ் டெபியன் என்ற லினக்ஸ் வகையாக இருந்தால், 'டேட்' ஓட்டும்போது யூடிசி நேரத்தைக் காட்டி, ஜோன் பெயர் வரும் இடத்தில் 'ஏசியா' என்று மட்டும் போடும். அதைப் பார்த்தால் உடனே எழுத்தைச் சரிபாருங்கள்.

பெயர் சரியாக இருந்தும் யூடிசியே வந்தால், இமேஜ் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸா என்று பாருங்கள். அளவைக் குறைக்க அதில் ஜோன் பட்டியல் உள்ள 'டிஇசட்டேட்டா' பேக்கேஜ் இருக்காது, பெயரைத் தேட பட்டியலே இல்லை. இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைல் உங்களுடையது என்றால் அந்த பேக்கேஜைச் சேர்ப்பதுதான் நல்ல வழி. இமேஜைத் தொட முடியாதென்றால் டிஇசட்டுக்கு 'ஐஎஸ்டி-5:30' என்று கொடுக்கலாம், அதற்குப் பட்டியல் தேவையில்லை. குறியைக் கவனியுங்கள்: இந்த முறையில் கிழக்கே இருக்கும் நாடுகளுக்கு மைனஸ் வரும். பிளஸ் போட்டால் பதினொரு மணி நேரம் தள்ளிப்போய்விடும். நம் ஊரில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் இந்தக் குறுக்குவழி தாங்கும். லண்டனிலோ டொராண்டோவிலோ இருப்பவர்கள் இதைத் தொடாமல் ஊர்ப் பெயரையே கொடுப்பது நல்லது.

ஹோஸ்டின் ஜோனைச் சொல்லும் லோக்கல்டைம் கோப்பை உள்ளே மவுன்ட் செய்யச் சொல்பவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் எனக்குப் பிடிப்பதில்லை. கன்டெய்னரை வேறு மெஷினுக்குக் கொண்டுபோனால் அந்த மெஷினின் ஜோன் ஒட்டிக்கொள்ளும். டிஇசட் மதிப்பை ஒரே என்வி கோப்பில் வைத்து எல்லா சர்வீஸும் அதிலிருந்து எடுக்கும்படி செய்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இருந்தால் இன்னொன்று. டேட்டாபேஸ் முதன்முதலில் உருவாகும்போதே ஜோனைத் தன் கான்ஃபிக் கோப்பில் எழுதிக்கொள்ளும். பிறகு டிஇசட்டை மாற்றினாலும் அசையாது. அதை யூடிசியிலேயே விட்டுவிடுங்கள், திரையில் காட்டும்போது ஆப் மாற்றிக்கொள்ளட்டும். கன்டெய்னரின் பதிவுகளைக் காட்டும் 'டாக்கர் லாக்ஸ் -டி' ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒட்டும் நேரமும் எப்போதும் யூடிசிதான், அதைப் பார்த்து அமைப்பு வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.